கனடாவில் லாரி ஓட்டிக் குடியேறுவது: வேலை கிடைத்தும் வதிவிடம் ஏன் தள்ளிப்போகிறது?

கனடாவில் டிரைலர் ஓட்ட ஆள் தேவை, ஆங்கிலம் அவ்வளவாக வேண்டியதில்லை, இரண்டே ஆண்டில் பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவிடம் கைக்கு வந்துவிடும் என்ற பொருளில் வரும் விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் பார்க்காத லாரி ஓட்டுநர் குடும்பங்கள் இன்று குறைவு. இவற்றில் முதல் பகுதி ஓரளவு உண்மை. இரண்டாவது பகுதி பொய். மூன்றாவது பகுதி, 2022-க்கும் 2024-க்கும் இடையில் ஒரு சிலருக்கு மட்டும் திறந்திருந்து, பிறகு வெகுவாகக் குறுகிப்போன ஒரு வழியைப் பற்றியது. அந்த வழி எதனால் திறந்தது, உண்மையில் யாருக்குப் பயன்பட்டது, ஏன் குறுகியது என்பதை அறியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து முகவரிடம் பணம் கட்டுகிறவர்கள் இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கனடா தன் நாட்டில் உள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்குத் தேவைப்படும் பயிற்சியைப் பொறுத்து நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் இந்த எண்ணே முடிவு செய்கிறது. விண்ணப்பதாரர்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வுமுறை 2015-இல் தொடங்கியபோது, லாரி ஓட்டுநர்கள் 7511 என்ற எண்ணில் ‘சி’ என்னும் கீழ்நிலைத் திறன் வகுப்பில் இருந்தார்கள். மேல் வகுப்பினருக்கு மட்டுமே அந்த முறையில் இடம் இருந்ததால், பனியிலும் மலையிலும் நாற்பது டன் சரக்கை இழுத்துச் செல்கிறவர் திறனற்றவராகவும், அவருக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் திறன் படைத்தவராகவும் சட்டத்தின் கண்ணில் தெரிந்தார்கள். ஓட்டுநரின் உழைப்புக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த நாட்டில் தங்கிவிடும் உரிமைக்கு ஒன்றிய அரசின் முதன்மை வாசல் அவருக்கு மூடியே இருந்தது.

2022 நவம்பர் 16 அன்று இது மாறியது. தொழில் வகைப்பாட்டைப் புதுப்பித்தபோது லாரி ஓட்டுநர்களுக்கு 73300 என்ற புதிய எண்ணும், பூச்சியம் முதல் ஐந்து வரையிலான ஆறு நிலைகளில் மூன்றாம் நிலையும் கிடைத்தன. பேருந்து ஓட்டுநர், கனரக இயந்திர இயக்குநர் உள்ளிட்ட 16 தொழில்கள் அன்று புதிதாக எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் வந்தன. அந்த ஆண்டின் நடுவில் நாடு முழுவதும் ஏறத்தாழ 28,000 லாரி ஓட்டுநர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன என்பதை வைத்துப் பார்த்தால், இந்த மாற்றம் அப்போது வந்ததில் வியப்பில்லை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இந்த எண் கனரக லாரிகளுக்கு மட்டுமே உரியது. டெலிவரி வேன், டாக்ஸி, வளைகுடா நாடுகளில் வீட்டுக் கார் ஓட்டிய அனுபவம் ஆகியவை வேறு எண்களுக்குப் போய்விடும். அவை ஐந்தாம் நிலையைச் சேர்ந்தவை என்பதால் இந்த வழிக்கு உதவா.

2023-இல் இன்னொரு கதவும் திறந்தது. பொதுவான மதிப்பெண் பட்டியலிலிருந்து அழைப்பதோடு நிற்காமல், குறிப்பிட்ட தொழில் பிரிவுகளுக்கென்று தனிச் சுற்றுகளை நடத்தக் கனடா அரசு முடிவு செய்தது. அவற்றில் போக்குவரத்தும் ஒன்று. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று நடந்த முதல் போக்குவரத்துச் சுற்றில் 1,000 பேருக்கு அழைப்பு போனது. கடைசியாக அழைக்கப்பட்டவரின் மதிப்பெண் 435. டிசம்பர் 20 அன்று 670 பேர், அதே 435. 2024 மார்ச் 13 அன்று 975 பேர், மதிப்பெண் 430. லாரி ஓட்டினால் பி.ஆர். என்ற பேச்சுக்கு உயிர் கொடுத்தவை இந்தச் சுற்றுகள்தாம். ஆனால் அந்த 430 என்ற எண்ணை ஒரு நிஜமான லாரி ஓட்டுநரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தவர்கள் மிகவும் குறைவு.

பார்த்துவிடலாம். முப்பத்தைந்து வயது, பன்னிரண்டாம் வகுப்பு, ஊரில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டிய அனுபவம், கனடாவில் இரண்டு ஆண்டு அனுபவம், ஐஇஎல்டிஎஸ் பொதுத் தேர்வில் நான்கு பிரிவிலும் 6 என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். துணையின்றி விண்ணப்பிப்பவருக்கான கணக்கில் வயதுக்கு 77, படிப்புக்கு 30, ஆங்கிலத்துக்கு 68, கனடா அனுபவத்துக்கு 53, இரு நாட்டு அனுபவத்தையும் சேர்த்துத் தரப்படும் கூடுதல் மதிப்பெண் 50. கூட்டினால் 278. அவர் அழைக்கப்பட இன்னும் 152 மதிப்பெண் தேவை. இப்போது இருபத்தேழு வயதில் இளநிலைப் பட்டமும், உயர்ந்த ஆங்கில மதிப்பெண்ணும், கனடாவில் ஓராண்டு லாரி அனுபவமும் உள்ள இன்னொருவரைப் பார்ப்போம். வயதுக்கு 110, படிப்புக்கு 120, ஆங்கிலத்துக்கு 124, அனுபவத்துக்கு 40, கூடுதலாக 38. மொத்தம் 432. கனடாவிலேயே ஏதேனும் ஒரு பட்டயப் படிப்பும் முடித்திருந்தால் அதற்கு மேலும் கிடைக்கும்.

இந்தக் கணக்கு சொல்வது இதுதான். லாரி ஓட்டுநர்களுக்கென்று நடந்த தனிச் சுற்றும் பெரும்பாலும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பட்டதாரிகளுக்கே உதவியது. மாணவர் விசாவில் வந்து, படிப்பு முடிந்ததும் கனரக உரிமம் எடுத்து, ஓராண்டு ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. சங்ககிரியிலிருந்து குஜராத்துக்கும் அசாமுக்கும் பதினைந்து ஆண்டுகள் லோடு ஏற்றிப் போன ஒருவருக்கு, அவருடைய தொழிலின் பெயரில் நடந்த அந்தச் சுற்றில் இடம் இல்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. அனுபவத்தை அளப்பதற்கு வைத்த கோல், படிப்பையும் இளமையையும் அளந்துவிட்டுப் போய்விட்டது.

அதனால் மதிப்பெண் எட்டாதவர்களுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று: முதலாளி. ஒரு மாகாணம் ஒருவரைப் பரிந்துரைத்தால் 600 மதிப்பெண் சேரும். பரிந்துரைக்குப் பெரும்பாலும் முதலாளியின் நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர முதலாளி முதலில் எல்எம்ஐஏ என்று எல்லோரும் சொல்லும் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டைப் பெற வேண்டும். அந்த வேலையை உள்ளூரில் விளம்பரம் செய்தோம், தகுதியான கனடியர் கிடைக்கவில்லை என்று காட்டி, பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம் செலுத்தி, அரசின் ஒப்புதலை வாங்குவதே அது. ஒப்புதல் கிடைத்த பிறகு தொழிலாளி தனக்கான வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பார். அந்த அனுமதிச் சீட்டில் முதலாளியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேறொருவரிடம் போக வேண்டுமானால் புதிய ஒப்புதலும் புதிய அனுமதியும் தேவை.

இந்த 1,000 டாலரை முதலாளியே கட்ட வேண்டும், நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடமிருந்து வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆள்சேர்ப்புக் கட்டணம் எதையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதை 2022 செப்டம்பரில் விதிகளிலேயே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். நடைமுறையில் நடப்பது வேறு. எல்எம்ஐஏ பல்லாயிரம் டாலருக்கு விலை பேசப்படுவதைக் கனடியச் செய்தி நிறுவனங்களே திரும்பத் திரும்ப வெளிக்கொண்டு வந்திருக்கின்றன. விலை பேசுவதற்கு ஒரு காரணத்தை அரசின் தேர்வுமுறையே உண்டாக்கியிருந்தது. எல்எம்ஐஏவுடன் கூடிய வேலைக் கடிதம் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 மதிப்பெண் சேர்ந்தது. 432-இல் நிற்கிறவருக்கு அந்த ஐம்பது என்ன பொருள் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 மார்ச் 25 முதல் அந்த மதிப்பெண்ணை நீக்கிவிட்டார்கள். வியாபாரம் குறைந்திருக்கலாம், ஆனால் அதற்கு முன்பே பணம் கொடுத்து, மதிப்பெண் சேரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களின் கைக்கு அந்தப் பணம் திரும்பி வராது.

பணம் கைமாறும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வங்கி வழியாக முழுச் சம்பளம் வரும். காகிதத்தில் எல்லாம் சட்டப்படி இருக்கும். வார இறுதியில் அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால், எழுபது மணி நேரம் ஓடிய வாரத்துக்கு நாற்பது மணி நேரச் சம்பளம் வரும். கேட்டால், பி.ஆர். கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்ற பதில் வரும்.

இந்தக் கட்டுண்ட நிலைமை ஓட்டுநரின் சொந்தத் துன்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது சாலைக்கும் வருகிறது. கனடாவில், அறுபதாவது அகலாங்குக் கோட்டுக்குத் தெற்கே, ஒரு லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. வேலையில் இருக்கும் மொத்த நேரம் 14 மணியைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஏழு நாள் சுழற்சியில் ஓடுகிறவருக்கு மொத்தம் 70 மணி நேரமே உச்சவரம்பு. முன்பெல்லாம் காகிதத்தில் எழுதிய இந்தக் கணக்கை, 2023 தொடக்கத்திலிருந்து எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி தானாகப் பதிகிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் கடிகாரம் ஓடும். அதை ஏமாற்றுவது எளிதல்ல என்றாலும் வழி இல்லாமலும் இல்லை. ஓடாத நேரத்தை ஓய்வு என்று பதியச் சொல்வது, இன்னொருவரின் பெயரில் உள்நுழையச் சொல்வது போன்ற அழுத்தங்கள் மேலிருந்தே வருகின்றன.

சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே ஒன்டாரியோவின் 17-ஆம் எண் நெடுஞ்சாலையில், சனவரி மாதம், விடியற்காலை நான்கு மணியை நினைத்துப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஓட்டுநர் தூங்கும் அறையிலிருந்து இறங்கி, கையில் விளக்கோடு வண்டியைச் சுற்றி வருகிறார். பதினெட்டுச் சக்கரங்களையும் பார்க்க வேண்டும். 53 அடி டிரைலரின் விளக்குகளில் ஒட்டியிருக்கும் பனியைத் தட்டிவிட வேண்டும். டிராக்டரையும் டிரைலரையும் இணைக்கும் காற்றுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிரேக்குக்குப் போகும் காற்றில் ஈரம் இருந்தால் அது உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால் தொட்டியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். சட்டம் கட்டாயமாக்கிய சோதனை இது. ஆனால் மைல் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு, சக்கரம் உருளாத இந்த நேரத்துக்குப் பல நிறுவனங்களில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. கிடங்கு வாசலில் சரக்கு இறங்கக் காத்திருக்கும் நாலைந்து மணி நேரத்துக்கும் பெரும்பாலும் அதே கதைதான்.

மைலுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 2,500 மைல் ஓடினால் 1,500 டாலர் வரும். கேட்கும்போது பெரிய தொகை. ஆனால் காத்திருப்பையும் சோதனையையும் சேர்த்து எழுபது மணி நேரம் உழைத்திருந்தால் மணிக்கு 21 டாலர் சொச்சம்தான். பனிப்புயலில் சாலையை மூடிவிட்டால் அந்த வாரம் அதுவும் இல்லை. இந்த நிலையில், கண் சொருகுகிறது, என்னால் இதற்கு மேல் ஓட்ட முடியாது என்று சொல்லும் துணிவு ஓட்டுநருக்கு வேண்டும். வேறு நிறுவனத்துக்குப் போக முடிந்தவருக்கு அந்தத் துணிவு வரும். வேலை அனுமதியில் முதலாளியின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு எங்கிருந்து வரும்? 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகக் கனடாவுக்கு வந்த தமிழர்களில் லாரித் தொழிலுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களின் வாழ்க்கை கடினமானதுதான். ஆனால் அகதி நிலை ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றபின் இந்த வேலைக்குப் போனவருக்கு, பிடிக்காத இடத்தில் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேற முடிந்தது. முதலில் வதிவிடம், பிறகு வேலை என்பதற்கும், முதலில் வேலை, பிறகு ஒருவேளை வதிவிடம் என்பதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

அடிமைத்தனத்தின் தற்கால வடிவங்களை ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஓபோகட்டா 2023-இல் கனடாவுக்குச் சென்றபின், அந்நாட்டின் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் அத்தகைய கொடுமைகள் வளர இடம் தருகிறது என்று கடுமையாகச் சொன்னதற்கு, ஒரே முதலாளியோடு கட்டிவைக்கும் இந்த அனுமதி முறை முக்கியமான காரணம்.

பயிற்சியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆர்ம்லி அருகே, நிறுத்தக் குறியீட்டை மதிக்காமல் சந்திப்புக்குள் நுழைந்த இரட்டை டிரைலர் லாரி ஒன்று ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளையோர் ஹாக்கி அணியின் பேருந்துக்கு எமனானது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். ஓட்டுநர் இந்தியாவிலிருந்து வந்த இளைஞர், தொழிலுக்குப் புதியவர், தனியாக ஓட்டத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்கு எட்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிரந்தர வதிவிடம் பெற்றிருந்த அவரை நாடுகடத்த 2024-இல் உத்தரவும் பிறந்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்குள்ளும் நிபந்தனை இருக்கிறது என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அப்போது கண்கூடாகக் கண்டார்கள்.

அந்த விபத்து நடந்தபோது, கனரக உரிமத்துக்கு முந்தைய கட்டாயப் பயிற்சி ஒன்டாரியோவில் மட்டுமே, 2017 சூலை முதல், 103.5 மணி நேரம் என்ற அளவில் நடைமுறையில் இருந்தது. அதன் பிறகுதான் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, மானிட்டோபா ஆகிய மாகாணங்கள் 2019-இலும், பிரிட்டிஷ் கொலம்பியா 2021-இலும் கட்டாயப் பயிற்சியைக் கொண்டு வந்தன. விதி வந்ததால் மட்டும் தரம் வந்துவிடவில்லை. ஒன்டாரியோவின் தலைமைத் தணிக்கையர் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அரசுத் தேர்வு மையங்களில் 69 சதவீதம் பேர் தேறியபோது, தங்கள் ஓட்டுநர்களுக்குத் தாங்களே தேர்வு நடத்த அனுமதி பெற்ற நிறுவனங்களில் 95 சதவீதம் பேர் தேறியதைச் சுட்டிக்காட்டியது. தன் ஓட்டுநருக்குத் தானே தேர்வு வைக்கும் நிறுவனம் எதைச் சோதித்தது என்ற கேள்வி அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறது.

தமிழ்நாட்டில் எடுத்த கனரக உரிமத்தைக் காட்டி நேராக அங்கே டிரைலர் ஓட்டிவிட முடியாது. முதலில் சாதாரண கார் உரிமம், பிறகு எழுத்துத் தேர்வு, காற்று பிரேக் பற்றிய தேர்வு, கட்டாயப் பயிற்சி, சாலைத் தேர்வு என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒன்டாரியோவில் இதற்குரிய உரிமத்தை ‘ஏ இசட்’ என்றும், மேற்கு மாகாணங்களில் ‘கிளாஸ் ஒன்’ என்றும் சொல்வார்கள். பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். உரிமம் கையில் வந்த பிறகும், இரண்டு மூன்று ஆண்டு உள்நாட்டு அனுபவம் இல்லாதவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதால், ஒழுங்காக நடக்கும் பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எளிதில் சேர்ப்பதில்லை. புதியவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சட்டத்தின் விளிம்பில் இயங்கும் சிறு நிறுவனங்கள்தாம்.

அங்கே காத்திருக்கும் பொறியை இத்தொழிலில் ‘டிரைவர் இன்க்’ என்கிறார்கள். வேலைக்குச் சேர வந்தவரிடம், உன் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொண்டு வா, அதன் பெயரில் காசோலை தருகிறோம் என்பார்கள். லாரி நிறுவனத்துடையது; டீசல் நிறுவனத்துடையது; எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்வதும் நிறுவனம்தான். ஆனால் காகிதத்தில் ஓட்டுநர் ஒரு தொழிலதிபர். வரி பிடிக்காமல் முழுப் பணமும் வருவதால் முதலில் இது லாபமாகத் தோன்றும். ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையிழப்புக் காப்பீடு, மிகைநேரச் சம்பளம், விடுமுறைச் சம்பளம் எதுவும் இல்லை என்பது பிறகே தெரியும். மாகாண எல்லையைத் தாண்டி ஓடும் லாரித் தொழில் ஒன்றியத் தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ் வருவது; அந்தச் சட்டம் ஊழியரை இப்படி வேறு பெயரில் காட்டுவதை 2021 முதல் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இருந்தும் பழக்கம் தொடர்ந்தது. இவ்வகைக் கொடுப்பனவுகளை வரித்துறைக்கு அறிவிக்காத லாரி நிறுவனங்களுக்கு அபராதம் போடாமல் நிறுத்தி வைத்திருந்த சலுகையை நீக்குவதாக 2025 நவம்பரில் வந்த ஒன்றிய நிதிநிலை அறிக்கைதான் அறிவித்தது.

குடியேற்றத்தை நினைத்து ஓடுகிறவருக்கு இதில் வேறொரு பெரிய இழப்பும் உண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், கனடாவில் செய்த வேலையை வைத்து விண்ணப்பிக்கும் பிரிவான கனடா அனுபவ வகுப்பில் சுயதொழில் அனுபவம் கணக்கில் சேராது. இரண்டு ஆண்டுகள் இரவு பகலாக ஓடிய பிறகு விண்ணப்பிக்கப் போனால், ஊழியர்களுக்கு ஆண்டு முடிவில் தரப்படும் ‘டி-4’ சீட்டு ஒன்றுகூட இல்லாமல், சொந்தக் கம்பெனிக் காசோலைகளே கையில் இருக்கும். ஓடிய ஒரு நாள்கூட அனுபவமாக ஏறாமல் போகும். வேலையில் சேரும்போதே, எனக்கு டி-4 தருவீர்களா என்று கேட்பது ஓட்டுநரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் கேள்வி. மறுபுறம், இந்தியாவில் சொந்த லாரியைத் தானே ஓட்டியவரின் அனுபவம், வெளிநாட்டு அனுபவத்தை ஏற்கும் ஒன்றியத் திறன் வகுப்பில் சேரும். ஆனால் அதற்கு ஆவணம் வேண்டும்.

ஆவணம் என்றதும் நம்மூர் நிலைமையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாமக்கல் வட்டாரத்தில் பல ஓட்டுநர்களின் இருபது ஆண்டு அனுபவத்துக்கும் சாட்சி, டீசல், டோல், பேட்டா, செக்போஸ்ட் செலவு என்று வரி வரியாக எழுதி முதலாளியிடம் டிரிப் முடிந்ததும் ஒப்படைத்த நோட்டுப் புத்தகங்கள்தாம். சம்பளம் ரொக்கம், பி.எஃப். இல்லை, நியமனக் கடிதம் என்ற பேச்சே இல்லை. குடியேற்ற அதிகாரி கேட்பது, வேலையின் கடமைகள், வார மணி நேரம், சம்பளம் ஆகியவை குறித்த முதலாளியின் கடிதமும் அதற்கு ஒத்துப்போகும் வங்கிக் கணக்கும். ஒன்றியத் திறன் வகுப்புக்கு மேல்நிலைப் பள்ளிப் படிப்பும், ஐஇஎல்டிஎஸ் பொதுத் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 6 மதிப்பெண்ணும் குறைந்தபட்சத் தேவை. பத்தாம் வகுப்போடு கிளீனராக ஏறி, பிறகு ஸ்டியரிங் பிடித்த ஒருவருக்கு இந்த வாசல் தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது என்பதை எந்த முகவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

2024-இன் பிற்பகுதியில் தொடங்கி மற்ற வழிகளும் ஒவ்வொன்றாக இறுகின. வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரப் பகுதிகளில் குறைந்த ஊதியப் பிரிவின் கீழ் எல்எம்ஐஏ விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே அரசு நிறுத்தியது. மற்ற இடங்களில் அப்பிரிவு அனுமதியின் காலம் ஓராண்டாகக் குறைந்தது. அந்த நவம்பரில், உயர் ஊதியம் என்று கருதப்படுவதற்கான எல்லை மாகாண நடுநிலை ஊதியத்துக்கு 20 சதவீதம் மேலாக உயர்த்தப்பட்டது. ஒன்டாரியோவில் அது மணிக்கு 28.39 டாலரிலிருந்து 34.07 ஆனது. முன்பு உயர் ஊதியப் பிரிவில் நின்ற லாரி வேலைகள் பல ஒரே நாளில் குறைந்த ஊதியப் பிரிவுக்குள் விழுந்தன. கட்டுமானம், மருத்துவம், உணவுப் பதப்படுத்தல் போன்ற துறைகளுக்குக் கிடைத்த விலக்கு லாரிக்குக் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் என்ட்ரி பிரிவுகளில் போக்குவரத்து நீக்கப்பட்டிருந்தது. மாகாணப் பரிந்துரைகளுக்கான ஒன்றிய இலக்கு 2024-இல் 1,10,000 ஆக இருந்தது, 2025-க்கு 55,000 என்று பாதியாக்கப்பட்டது.

நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுக்கென்று தனித் திட்டமே வைத்திருந்த சஸ்காச்சுவான், தன் பங்கு குறைந்ததும், லாரி, சில்லறை வணிகம், தங்குமிட உணவகத் தொழில் ஆகியவற்றுக்குச் சேர்த்து மொத்தப் பரிந்துரைகளில் 25 சதவீதம் மட்டுமே என்று வரம்பிட்டது. அதிலும் ஏற்கெனவே கனடாவில் இருந்து, வேலை அனுமதி முடிய ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்களையே எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்து நேராக விண்ணப்பிக்க நினைப்பவருக்கு இதன் பொருள் தெளிவானது. ஒப்பிட்டால், நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா முதலிய நான்கு கிழக்கு மாகாணங்களுக்கான அட்லாண்டிக் திட்டம் இன்னும் நிதானமானது. அரசு அங்கீகரித்த முதலாளியின் வேலைக் கடிதம், கடந்த ஐந்து ஆண்டுகளில் 1,560 மணி நேர அனுபவம், மூன்றாம் நிலைத் தொழிலுக்குக் கனடிய மொழி அளவுகோலில் ஐந்தாம் நிலை மொழித்திறன் ஆகியவை அங்கே அடிப்படைத் தேவைகள். மதிப்பெண் போட்டி இல்லை, எல்எம்ஐஏவும் தேவையில்லை. ஆனால் இடங்கள் குறைவு. இங்கும் எல்லாம் முதலாளியின் கடிதத்திலிருந்தே தொடங்குகிறது.

அமெரிக்க எல்லையைத் தாண்டி ஓடினால் அதிகம் கிடைக்கும் என்பதால் பலர் அந்த வேலையைத் தேடுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தாலும், அதற்கு அமெரிக்க விசா தனியாக எடுக்க வேண்டும். 2025 சூன் 25 முதல், சாலையில் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதைப் புரிந்து பதில் சொல்லவும் சாலைப் பலகைகளைப் படிக்கவும் முடியாத ஓட்டுநரை அந்த இடத்திலேயே வண்டியிலிருந்து இறக்கிவிடும் நடைமுறை அமெரிக்காவில் மீண்டும் வந்திருக்கிறது. அங்கே ஓடும் கனடிய வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஃபுளோரிடாவில் மூன்று பேர் இறந்த ஒரு விபத்தைத் தொடர்ந்து, ஆகஸ்ட் 21 அன்று வணிக லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாக்களை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. ஆங்கிலம் தேவையில்லை என்று விளம்பரம் செய்கிறவர் ஓட்டுநரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதற்கு இதுவே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் போவதென்று முடிவெடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குச் சில பாதுகாப்புகளாவது தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடமும் கேட்கலாம். இலங்கையில் இதற்குரியது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். கனடாக் குடியேற்ற ஆலோசகர் என்று ஒருவர் கட்டணம் கேட்டால், அவர் அந்நாட்டின் ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவரா என்று பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்க்க முடியும்.

கனடாவுக்குள் போன பிறகு முதலாளியின் கொடுமையில் சிக்கியவருக்கு, 2019 சூன் முதல் ஒரு வழி இருக்கிறது. கொடுமைக்கு ஆளாகிறார் அல்லது ஆளாகும் ஆபத்தில் இருக்கிறார் என்று நம்பத் தகுந்த ஆதாரம் காட்டினால், எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் திறந்த அனுமதி கட்டணமின்றி வழங்கப்படும். ஆதாரம் என்பது பெரிய விஷயமல்ல: ரொக்கமாகத் திருப்பித் தரச் சொன்ன குறுஞ்செய்தி, ஓடிய மணி நேரத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் ஒத்துவராத கணக்கு, மின்னணுக் கருவியிலிருந்து எடுத்த பதிவின் நகல். லாரியிலிருந்து இறங்கிய பிறகு அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது கடினம் என்பதால், ஒவ்வொரு வாரமும் அதைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.